கருப்பு காருக்கு முதல் பாலிஷர்: எதை வாங்குவது?

கோவை கருப்பு:
வணக்கம். அப்பாவிடமிருந்து எனக்கு வந்த கருப்பு ஹேட்ச்பேக், வயது எட்டு. நிழலில் நின்றால் கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. காலை வெயில் பட்டதும் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். குடியிருப்பில் வண்டி துடைப்பவர் ஒரே வாளி, ஒரே துணியில் பத்து வண்டி துடைப்பார். அதனால் வந்ததுதான். போன மாதம் ஒரு கடையில் பாலிஷ் போடக் கொடுத்தேன். நாலு முறை கழுவியதும் கீறலெல்லாம் திரும்ப வந்துவிட்டது. போதாததற்கு இடது கதவில் வெயில் பட்டால் நகரும் நிழல் மாதிரி கோடுகள்.

இனி நானே செய்யலாம் என்று இருக்கிறேன். வீட்டில் ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறது, அதில் ஸ்பாஞ்ச் மாட்டினால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பாலிஷ் மெஷினில் ரோட்டரி வாங்கலாமா, டூயல் ஆக்‌ஷன் வாங்கலாமா? சித்தி மகன் அடுத்த மாதம் அமெரிக்காவிலிருந்து வருகிறான், அங்கிருந்து வாங்கிவரச் சொல்லட்டுமா? பட்ஜெட் எட்டாயிரம்.

ஈரோட்டு அண்ணன்:
தம்பி, அந்தக் கிரைண்டரை வண்டிப் பக்கமே கொண்டுவராதீங்க. அது நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும். பாலிஷ் போடும் ரோட்டரியையே 600-இல் தொடங்கி 2,000-க்குள்தான் ஓட்டுவோம். உங்கள் பெயிண்ட்டின் மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு, அதாவது கிளியர் கோட், சுமார் 40, 50 மைக்ரான். தலைமுடியை விட மெல்லிசு. கிரைண்டர் ஓரிடத்தில் ஒரு நொடி நின்றால் அது போய்விடும், அப்புறம் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

கதவில் தெரியும் கோடு ரோட்டரி போட்ட தடம். ஹோலோகிராம் என்போம். ரோட்டரி கெட்ட மெஷின் இல்லை. ஒரே அச்சில் சுற்றுவதால் சூடு சீக்கிரம் ஏறும், கோணம் கொஞ்சம் சாய்ந்தாலும் தடம் விழும். கை பழகியவருக்குத்தான் அது. டூயல் ஆக்‌ஷனில் பேட் (பாலிஷ் தேய்க்கும் ஸ்பாஞ்ச்) தானும் சுற்றும், மையம் விலகியும் ஆடும். அதிகமாக அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும். முதல் முறை செய்பவருக்கு அதுவே பெரிய பாதுகாப்பு.

கடையில் “த்ரோ எத்தனை?” என்று கேளுங்கள். பேட் மையம் விலகி ஆடும் அளவுதான் த்ரோ. 8 மி.மீ., 15, 21 என்று வரும். த்ரோ கூடினால் அகலமான சமதளத்தில் வேலை வேகம். ஆனால் வளைவு வந்தால் பேட் சட்டென்று நின்றுவிடும். சின்ன ஹேட்ச்பேக்குக்கு 8 அல்லது 9 போதும். பேட் மாட்டும் பேக்கிங் பிளேட் 5 அங்குலம், பேட் 5½ அங்குலம். எட்டாயிரத்தையும் மெஷினிலேயே கொட்டாமல் இரண்டாயிரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். குறைந்தது ஐந்து ஃபோம் பேட், நல்ல மைக்ரோஃபைபர் துணி, மாஸ்கிங் டேப் வேண்டும்.

வயரிங் ராஜபாளையம்:
அமெரிக்காவிலிருந்து வேண்டாங்க. அங்கே 120 வோல்ட், நமக்கு 230. நேராகச் செருகினால் புகைதான். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம், ஆனால் 900 வாட் மெஷினுக்கு அதற்கு மேல் தாங்குவதாக வாங்க வேண்டும். செங்கல் மாதிரி கனமாக ஒன்றை வண்டியைச் சுற்றி இழுத்துக்கொண்டு திரிவீர்கள். சித்தி மகனிடம் நல்ல பேட் இரண்டு செட் வாங்கிவரச் சொல்லுங்கள், அது லாபம்.

கோவை கருப்பு:
நன்றி அண்ணா. 8 மி.மீ. டூயல் ஆக்‌ஷன் வாங்கிவிட்டேன். கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் பார் போட்டு இன்று பானெட்டில் ஆரம்பித்தேன். நடுவில் டேப் ஒட்டி ஒரு பாதி மட்டும் செய்தேன். டேப்பை எடுத்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவ்வளவு வித்தியாசம்.

இரண்டு சிக்கல். கதவின் மடிப்பில் மெஷின் அதிர்கிறது, கீறல் போகவில்லை. இடது முன் ஃபென்டரில் மட்டும் பேட் கறுப்பாகிறது. வேறெங்கும் அப்படியில்லை. கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டேனா? பயந்து நிறுத்திவிட்டேன்.

ஈரோட்டு அண்ணன்:
நிறுத்தியது சரி. முதலில் கதவு. பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மெஷின் ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் பேட் சுற்றவில்லை, வெறுமனே அதிர்கிறது என்று அர்த்தம். அழுத்தத்தைக் குறையுங்கள், பேட்டைத் தட்டையாக வையுங்கள், வேகத்தை ஒரு படி ஏற்றுங்கள். இரண்டடிக்கு இரண்டடி கட்டமாகப் பிரித்துக்கொண்டு, ஒரு நொடிக்கு ஓர் அங்குலம் என்று மெதுவாக நகர்த்துங்கள். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் பேட்டைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். அடைத்துப்போன பேட்டால் கீறலை எடுக்க முடியாது. மடிப்பின் முனையில் மட்டும் டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே பெயிண்ட் மெல்லிசு.

இனி ஃபென்டர். கிளியர் கோட் போயிருந்தால் மங்கலாக ஒரு திட்டு தெரியும், அதைச் சுற்றி விளிம்பும் தெரியும். ஈரத்துணியால் துடைத்துச் சாய்வாகப் பாருங்கள். திட்டே இல்லாமல் ஃபென்டர் முழுக்க ஒரே சீராகக் கறுப்பு வந்தால், கிளியர் கோட் இல்லாத சாலிட் பெயிண்ட்டாக இருக்கலாம். அப்படிப்பட்ட பெயிண்ட்டில் நிறம் பேட்டுக்கு வருவது இயல்புதான். அந்த ஃபென்டர் மட்டும் பட்டறையில் அடித்ததா என்று வீட்டில் கேளுங்கள்.

மெக்கானிக் மகள்:
ஃபென்டரின் உள்விளிம்பையும் ரப்பர் பீடிங் ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். மறுபடி பெயிண்ட் அடித்திருந்தால், அப்போது டேப் ஒட்டிய இடத்தில் சின்ன மேடு தட்டுப்படும். பெயிண்ட்டின் தடிமன் பார்க்கும் கேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது. மற்ற இடங்களில் 100-லிருந்து 150 மைக்ரான் காட்டி ஃபென்டரில் மட்டும் மிக அதிகமாகக் காட்டினால் சந்தேகமே வேண்டாம். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் வேலை செய்யாது. பம்பரில் சூடும் வெளியேறாது, அதனால் அங்கே வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள்.

கோவை கருப்பு:
அப்பாவிடம் கேட்டேன். 2021-இல் ஒரு பேருந்து உரசி, அந்த ஃபென்டரை மட்டும் பட்டறையில் அடித்தாராம். பீடிங் ஓரத்தில் மேடு இருக்கிறது. திட்டு எதுவும் இல்லை. அங்கே மென்மையான பேட்டில் ஃபினிஷிங் பாலிஷ் மட்டும் போட்டேன், பளிச்சென்று வந்துவிட்டது. மார்க்கர் கோடு போட்டதில் இன்னொன்றும் தெரிந்தது: கதவில் நான் மெஷின் மேல் சாய்ந்தே நின்றிருக்கிறேன். இப்போது கோடு சுற்றுகிறது. ஹோலோகிராமும் போய்விட்டது.

நகத்தில் தட்டுப்படும் கீறல் ஒன்று பின் கதவில் இருக்கிறது. அதையும் எடுத்துவிடலாமா?

ஈரோட்டு அண்ணன்:
நகத்தில் தட்டுப்பட்டால் ஆழமானது. அதைத் துரத்தாதீங்க, அது போவதற்குள் கிளியர் கோட் போய்விடும். டச்-அப் பெயிண்ட்டால் நிரப்புங்கள். அப்புறம், துடைப்பவரிடம் வண்டியைத் தொட வேண்டாம் என்று நாளைக்கே சொல்லிவிடுங்கள். இரண்டு வாளி வைத்து நீங்களே கழுவுங்கள்: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணியை அலசத் தண்ணீர். போர் தண்ணீர் என்றால் வெயிலில் காய விடாமல் உடனே ஒற்றி எடுங்கள், உப்புக்கறை படியாது.