ஒர்க்கரைக் கூட்டியும் வேகம் கூடவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

திரி தொடங்கியவர்:
ஜாங்கோவில் (பைதான் மொழியின் வலைத்தள ஃபிரேம்வொர்க்) எழுதிய எங்கள் ஆப்பில் ஆர்டர் பட்டியல் திறக்க இரண்டு வினாடிக்கு மேல் ஆனது. ஒர்க்கர் (வரும் கோரிக்கைகளைக் கவனிக்கும் பிராசஸ்) போதவில்லை என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். நான்கு கோர் கொண்ட சர்வர்கள் 3. ஒர்க்கர்களை இயக்கும் மென்பொருளான குனிகார்னின் ஆவணம் சொல்லும் கணக்கு, கோர் எண்ணிக்கையின் இரு மடங்கோடு ஒன்று, அதாவது 9. நான் ஒவ்வொன்றிலும் 40 வைத்தேன். மறுநாள் கூட்டம் ஏறியதும் பலருக்கு 500 பிழை வந்தது. எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸின் அமைப்பை மாற்றாதவரை 100 இணைப்புகள்தான். ஒர்க்கருக்கு ஒன்று வீதம் நாங்கள் கேட்டது 120.

உடனே 9க்கு இறக்கினேன். இரவு, ஒரு பக்கம் எத்தனை குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) போடுகிறது என்று காட்டும் டீபக் டூல்பாரை என் கணினியில் போட்டு அதே பக்கத்தைத் திறந்தால் 101 குவெரி! 50 ஆர்டர்களை எடுக்க ஒன்று. பிறகு ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளருக்காக ஒன்று, பொருட்களுக்காக ஒன்று. டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருப்பதால் ஒவ்வொன்றும் போய்வர 20 மில்லி வினாடி. தொடர்புள்ள தரவை மொத்தமாக எடுத்துவர ஜாங்கோவில் வசதிகள் உண்டு. வாடிக்கையாளருக்கு செலக்ட் ரிலேட்டட், பொருட்களுக்கு ப்ரீஃபெட்ச் ரிலேட்டட் போட்டதும் 101 இரண்டாகச் சுருங்கியது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ப்ரீஃபெட்ச் செய்தபின் லூப்புக்குள் ஃபில்டர் போட்டால் மறுபடி டேட்டாபேஸுக்குத்தான் ஓடும். அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுமொழி:
எங்களை இழுத்துப் பிடித்தது வெளிச் சேவை. ஆர்டர் முடிந்ததும் மின்னஞ்சல் அனுப்பும் சேவை ஒன்றை ரிக்வெஸ்ட்ஸ் என்ற பைதான் நூலகம் வழியாக அழைப்போம். டைம்அவுட் (காத்திருப்பு வரம்பு) கொடுக்காவிட்டால் அது பதில் வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும். ஒரு மாலை அந்தச் சேவை தடுமாற, எங்கள் ஒர்க்கர்கள் அத்தனையும் அங்கேயே சிக்கிக்கொண்டன. 30 வினாடி ஆனதும் குனிகார்ன் ஒவ்வொன்றாக நிறுத்திப் புதிதாக எழுப்பியது. அவையும் போய்ச் சிக்கின. சிபியு சும்மா இருக்கிறது, தளம் திறக்கவில்லை. அன்று பதறிய பதற்றம் இன்னும் மறக்கவில்லை.

முதலில் 5 வினாடி டைம்அவுட் வைத்தோம். பிறகு அழைப்பையே, வேலைகளை (டாஸ்க்) பின்னணியில் ஓட்டும் செலரிக்கு மாற்றினோம். அங்கும் ஒரு சிக்கல்: ஆர்டரை டேட்டாபேஸில் பதியும் டிரான்சாக்‌ஷன் முடியும் முன்பே டாஸ்க் ஓடிப்போய், அப்படி ஓர் ஆர்டரே இல்லை என்று விழுந்தது. டாஸ்க் அழைப்பை, பதிவு முடிந்தபின் மட்டும் ஓடவைக்கும் ஆன் கமிட்டுக்குள் வைத்த பிறகுதான் நின்றது.

இன்னொருவர்:
புரொடக்‌ஷனில் மட்டும் மெதுவாக இருந்தால் பை-ஸ்பை என்ற கருவியைப் போட்டுப் பாருங்கள். ஓடும் பிராசஸை நிறுத்தாமல், கோடைத் தொடாமல், நேரம் எங்கே போகிறது என்று காட்டும். கன்டெய்னருக்குள் என்றால் பிட்ரேஸ் (வேறொரு பிராசஸை எட்டிப் பார்க்கும்) அனுமதி வேண்டும். எங்கள் ஆப் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரு பெரிய யாமல் (அமைப்புகளை எழுதிவைக்கும் வடிவம்) கோப்பை முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்ததை அதில்தான் கண்டோம். ஆப் தொடங்கும்போது ஒரே முறை படிக்கும்படி மாற்றினோம்.

திரி தொடங்கியவர்:
ஆன் கமிட் பற்றிச் சொன்னதற்கு மிக்க நன்றி, நண்பரே. எங்கள் பில் அனுப்பும் டாஸ்க் எப்போதாவது ஆர்டர் கிடைக்கவில்லை என்று விழும். ரீட்ரை போட்டு ஒப்பேற்றி வந்தோம். இப்போது பார்த்தேன், டாஸ்க்கை அனுப்பும் டிலே அழைப்பு, டிரான்சாக்‌ஷனுக்கான அட்டாமிக் பிளாக்குக்குள்தான் இருக்கிறது. வெளியே எடுக்கிறேன்.