ஃபேட் பைக்கில் மீட்டர்: உங்க வண்டியில எப்படி?

காரைக்குடிக்காரன்:
நம்ம ஃபேட் பைக்குல, அதான் தடி டயர் சைக்கிள்ல, வேகமும் தூரமும் காட்டுற மீட்டர் மாட்டியிருக்கேன். திருமயம் ரோட்டுல மைல்கல் கணக்குக்கு 10 கிலோமீட்டர். மீட்டர் காட்டுனது 9.1. டயர் 26x4.0 (விட்டம், அகலம், இஞ்சுல), மீட்டருக்குள்ள கிடந்த எண் 2068. அது 26x2.10 டயர் ஒரு சுற்றுல போற தூரம், அதாவது சுற்றளவு, மி.மீ. கணக்குல. "26 இஞ்ச்தானே, அப்படியே ஓட்டுங்க"ன்னு கடையில மாட்டிவிட்டாங்க. ரிம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், 559 மி.மீ. ஆனா அதுக்கு மேல உக்காந்திருக்கிற ரப்பர் ஒண்ணா? அந்த 9.1 இன்னும் கண்ணுலயே நிக்குது.

கோட்டையூர் சக்கரம்:
கணக்கு சுலபம் தம்பி. பழைய எண்ணை நிஜ தூரத்தால பெருக்கி, மீட்டர் காட்டுன தூரத்தால வகுங்க. 2068 x 10 ÷ 9.1 = 2273. அதை அடிச்சா முடிஞ்சது.

மைல்கல்லை நம்பாதவங்க அளந்தே பார்க்கலாம். பழைய வீட்டு வளவுல ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச நீளமான தரை இருந்தா ரொம்ப வசதி, கல்லோட இணைப்புக் கோட்டுலயே சக்கரத்தை நேரா விடலாம். டயர் வால்வு நேர் கீழே தரைப் பக்கமா வர்ற மாதிரி வச்சு, அதுக்கு நேரா சாக்பீஸ்ல ஒரு கோடு. ஆள் உக்காந்தபடி, இன்னொருத்தர் பிடிச்சுக்கிட்டு, மூணு சுற்று உருட்டி அடுத்த கோடு. வந்ததை மூணால வகுங்க. ஆள் உக்காராம அளந்தா டயர் அமுங்காது, எண் கூடுதலா வரும்.

காத்து எவ்வளவுன்னும் பக்கத்துலயே எழுதி வைங்க. தார் ரோட்டுக்கு 15 பிஎஸ்ஐ, மணலுக்கு 7ன்னு மாத்தி ஓட்டுற டயர் இது. இறக்குனா சுற்றளவு நாப்பது அம்பது மி.மீ. குறையலாம், அதாவது சுமார் 2 சதவீதம். எந்தக் காத்துல அதிகம் ஓடுறீங்களோ அந்த எண்ணை வைங்க. டயர் பட்டியல்ல இருந்து மட்டும் பொறுக்கச் சொல்ற மீட்டர் வேணாம். நாலு இலக்கம் கையால அடிக்க முடியணும்.

தேவகோட்டை ஸ்பேனர்:
எண்ணைப் பத்தியே பேசுறீங்க, முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்குல கட்டுற சென்சார், சக்கரக் கம்பியில மாட்டுற காந்தத்தைப் பார்க்கவே இல்லன்னா எந்த எண்ணு வச்சு என்ன? கண்மாய்க் கரையில ஒரு வண்டி, மழை விட்ட மறுநாள். டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவுல களி உருண்டு அடைச்சு, சென்சாரைப் பிடுங்கிக் கம்பிக்குள்ள வீசிடுச்சு. கட்டியிருந்த இடம் அப்படி. ஃபோர்க்குல நட்டநடுவுல, டயர் தோளுக்கு நேரா.

சாதா சைக்கிள்ல காந்தத்துக்கும் சென்சாருக்கும் 5 மி.மீ.க்குள்ள இருக்கணும். ஃபேட் பைக்ல ஃபோர்க் கால் ரெண்டும் அகலம். மேல ஏற ஏறக் கம்பி உள்ள சாயும், இடைவெளி 3 செ.மீ.க்கும் மேல போயிடும். அதனால சென்சாரைக் கீழ, சக்கரத்தோட நடு ஹப் பக்கம் கொண்டு வாங்க, காந்தத்தையும் அதுக்கு நேரா. டிஸ்க் பிரேக் இடது பக்கம், நீங்க சென்சாரை வலது ஃபோர்க் காலுல கட்டுங்க. சுற்றுக்கு ஒரு துடிப்புதான், காந்தம் மேல இருந்தாலும் கீழ இருந்தாலும் வேகம் மாறாது. கீழே காந்தம் மெதுவா கடக்கும், அதுவும் நல்லதுதான். அங்கயும் எட்டலன்னா பழைய டியூப்பை வெட்டி மூணு நாலு மடிப்பு சென்சாருக்கு அடியில வச்சு உள்பக்கம் தள்ளுங்க. காந்தத்தை நியோடிமியமா மாத்துங்க, அது இழுப்பு அதிகமான காந்தம்.

மீட்டரோட வர்ற கேபிள் டை இந்த ஃபோர்க்கைச் சுத்தி வராது. 20 செ.மீ. நீள டை வாங்கிக்கங்க.

பள்ளத்தூர் பெடல்:
இந்த டியூப் மடிப்பு, சாக்பீஸ் எல்லாம் எதுக்கண்ணே? ஜிபிஎஸ் மீட்டர் மாட்டுனா காந்தமும் வேணாம், சுற்றளவும் வேணாம். ஹேண்டில் பாரைப் பிடிக்கிற ஸ்டெம்ல வச்சு ஒரு திருகு, வேலை முடிஞ்சது.

தேவகோட்டை ஸ்பேனர்:
ஸ்டெம்ல வைக்க ஸ்டெம் எங்க இருக்கு? ஃபேட் பைக்ல 50, 60 மி.மீ. ஸ்டெம்தான், பாதி மீட்டர் வெளிய தொங்கும். மீட்டரை முன்னால நீட்டிப் பிடிக்கிற மவுண்ட் வாங்குனா ஹேண்டில் பார் தடிமன் 31.8 மி.மீ.-ஆ 35-ஆன்னு அளந்துட்டு வாங்குங்க. 31.8 மவுண்ட் 35 பார்ல ஏறாது, நெம்புனா கிளாம்ப் விரிஞ்சு உடையும்.

மணல்ல 6, 7 கிலோமீட்டர் வேகத்துல உருட்டுறப்ப ஜிபிஎஸ் வேகம் தத்தளிக்கும். ஆட்டோ பாஸ் (தானா நிறுத்துற வசதி) வச்சிருந்தா வண்டி நின்னுடுச்சுன்னு நெனச்சு எண்ணுறதையே நிறுத்திடும். அதை அணைங்க, இல்லன்னா ஹப்புல ரப்பர் பட்டையால கட்டுற வேக சென்சார் போடுங்க. காந்தம் கிடையாது, CR2032 செல், கார்மின் மாதிரி மீட்டர் ஜிபிஎஸ்ஸை வச்சு சுற்றளவைத் தானே கண்டுபிடிச்சுக்கும். ஆனா அது கண்டுபிடிச்சது எந்தக் காத்துலன்னு பாருங்க. தார் ரோட்டுல கத்துக்கிட்டதை மணலுக்கும் போட்டுட்டுப் போகும். கோட்டையூர் அண்ணன் சொன்னது அங்கயும் பொருந்தும்.

காரைக்குடிக்காரன்:
2273 போட்டாச்சு, கல்லோட ஒத்துப்போகுது. இப்ப வேற ஒண்ணு. வேகம் 20 தாண்டுனா எண் சட்டுன்னு 0 ஆகுது, திரும்ப வருது. இறங்கி உருட்டுனா சரியா இருக்கு.

கோட்டையூர் சக்கரம்:
காந்தம் தூரம். மெதுவா போறப்ப சென்சார் பிடிச்சுடும், வேகத்துல பிடிக்க நேரம் பத்தல. 2, 3 மி.மீ. நெருக்கிக் காந்தத்தைச் சென்சார் மேல உள்ள கோட்டுக்கு நேரா திருப்புங்க. ஒரேயடியா உரசுற அளவுக்கு ஒட்ட வைக்காதீங்க, ஒரு சுற்றை ரெண்டா எண்ணி 20-ஐ 40னு காட்டும். வயர் மீட்டர்னா இன்னொண்ணு: வயரை பிரேக் கேபிளோட சேர்த்துச் சுத்தி ஃபோர்க்குக்குப் பின்பக்கமா இறக்குங்க. முன்னால விட்டா சீமைக்கருவேல முள்ளு கொக்கி போட்டு இழுத்துடும். ஹேண்டில் முழுசா ரெண்டு பக்கமும் திரும்புற அளவுக்கு மேல தொய்வு விடணும்.

பள்ளத்தூர் பெடல்:
சித்திரை வெயில்ல நிறுத்தி வச்சா திரை கறுத்துப் போகுதே, அது போச்சா?

கோட்டையூர் சக்கரம்:
போகல. நிழல்ல வச்சா பெரும்பாலும் தெளிஞ்சுடும். ஆனா நிறுத்துறப்ப கழட்டிப் பைக்குள்ள போட்டுக்கங்க.