200 கிலோவாட் மோட்டார் கேபிள்: லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காது) கருகிவிட்டது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. 415 வோல்ட், 200 கிலோவாட் மோட்டார், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (ஸ்டாரில் கிளப்பி டெல்டாவில் ஓட்டுவது, மோட்டாருக்கு ஆறு கோர் போகும்). நேம் பிளேட்டில் 340 ஆம்பியர். பேனலிலிருந்து 140 மீட்டர் தூரத்துக்கு 150 ஸ்கொயர் (சதுர மி.மீ.) அலுமினியம் கேபிள், 3 கோர், இரண்டு ரன்.

டெல்டாவில் ஓடும்போது ஒவ்வொரு கோரிலும் 340-ல் 58 சதவீதம் (1/√3), அதாவது சுமார் 197 ஆம்பியர்தான். டிரேயில் மற்ற கேபிள்களோடு போவதால் தாங்கும் திறனை 0.8 மடங்கு என்று குறைத்துப் பார்த்தாலும் 246 ஆம்பியர் தாங்கும் கேபிள் போதும். வோல்டேஜ் டிராப் 3.5 சதவீதம் வருகிறது. ஓடும்போது பரவாயில்லை, ஸ்டார்ட்டிங்கில்தான் எனக்குக் கவலை.

போன வாரம் மோட்டாரின் ஆறு டெர்மினல்களில் ஒன்றான V2 கருகிவிட்டது. லக்கைக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் பொடி, ஓரத்து இழைகள் விரலால் அசைத்தாலே ஆடுகின்றன. கிரிம்ப் (லக்கைக் கேபிளோடு நசுக்கிப் பிடிப்பது) சரியாக அமுங்கவில்லை, நசுக்கும் டை அளவு மாறியிருக்க வேண்டும். அதைவிட மோசம், லக்குக்கும் மோட்டார் லீடுக்கும் நடுவில் ஒரு இரும்பு வாஷர்! மொத்தக் கரண்டும் அதன் வழியாகத்தான் போயிருக்கிறது. மற்ற ஐந்தையும் திறந்து பார்த்தேன், இன்னும் இரண்டில் இதே கதை.

இப்போது ஆறையும் மாற்றப் போகிறேன். பைமெட்டல் லக் (அலுமினியமும் காப்பரும் சேர்ந்தது) போட்டால் போதுமா, அல்லது டெர்மினல் பாக்ஸுக்கு வெளியே ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து, அங்கிருந்து காப்பர் கேபிளில் போவது நல்லதா? பாக்ஸில் இடம் நெருக்கடி, 150 ஸ்கொயரை வளைத்தால் ஸ்டட்டை (டெர்மினல் போல்ட்டை) இழுக்கிறது. இந்த அளவு மோட்டாரில் கை வைத்தவர்கள் சொல்லுங்கள், ஞாயிறு ஷட்டவுனில் வேலை.