லண்டனில் பழைய கார்: இந்த டீசலை வாங்கலாமா?

கேள்வி: வேலைக்காக லண்டன் வந்து சில மாதங்கள் ஆகின்றன. பையனைப் பள்ளிக்குக் கூட்டிப்போக ஒரு பழைய கார் வேண்டும். 2013 மாடல் டீசல் ஒன்று ரொம்பக் குறைந்த விலைக்கு வருகிறது, ஓனரே நேரடியாக விற்கிறார். என்னிடம் இந்திய லைசென்ஸ்தான். என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில் 1: விட்டுவிடுங்கள் சார். 2015 செப்டம்பருக்கு முந்தைய டீசல் பெரும்பாலும் யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இருக்காது, அதனால் வண்டியை எடுக்கிற ஒவ்வொரு நாளும் யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான) கட்டணம் 12.50 பவுண்டு. 2023 ஆகஸ்டிலிருந்து லண்டன் முழுக்க இதுதான். விலை ஏன் குறைவு என்று புரிகிறதா? பெட்ரோலில் 2006க்குப் பிந்தையது பொதுவாகத் தப்பிக்கும்.

பதில் 2: எதை வாங்கினாலும் நம்பர் பிளேட் எண்ணை அரசு இணையதளத்தில் போட்டு எம்ஓடி (வருடாந்திர வாகனச் சோதனை) வரலாற்றைப் பாருங்கள், இலவசம்தான். பாஸா ஃபெயிலா என்பதோடு நிற்காமல், வருடாவருடம் மீட்டர் எவ்வளவு காட்டியது, அட்வைசரியில் (பாஸானாலும் கவனிக்கச் சொல்லும் குறிப்பில்) என்ன எழுதினார்கள் என்று படியுங்கள். துரு, துரு என்றே வந்தால் ஓடிவிடுங்கள். அப்புறம், வி5சி லாக்புக்கில் (வண்டியின் பதிவுச் சான்றில்) பெயர் இருப்பதாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா என்று காசு கொடுத்தாவது சோதியுங்கள்.

பதில் 3: பணம் கொடுக்கும் முன்பே இன்சூரன்ஸுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள். இந்திய லைசென்ஸில் குடியேறியதிலிருந்து 12 மாதம் ஓட்டலாம், ஆனால் பிரீமியத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். பழைய ஓனர் கட்டிய ரோடு டாக்ஸும் உங்களுக்கு மாறாது, புதிதாகக் கட்டிய பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.

கேட்டவர்: நன்றி. டீசல்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், உடனே இன்னும் 200 பவுண்டு குறைக்கிறேன் என்கிறார்!