அவார்டு என்றால் விருதா? நில எடுப்புக்கு ஒரு சொல் வேண்டும்

ம.வே. எழுதியது:

வணக்கம். புது தில்லி எழுந்த கதையைச் சொல்லும் ஓர் அத்தியாயத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். 2013 வரை நடப்பில் இருந்த 1894 நில எடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி, நிலத்தின் பரப்பு, இழப்பீடு, அது யார் யாருக்கு எவ்வளவு என்ற மூன்றையும் ஆட்சியர் முடிவுசெய்து எழுதிவைப்பார். அதைத்தான் 'அவார்டு' என்கிறார்கள். கணினி செய்துகொடுத்த வரைவில் "மால்ச்சா, ரைசினா கிராமத்தாருக்கு ஆட்சியர் விருது வழங்கினார்" என்று வந்திருக்கிறது. வீடும் வயலும் பறிபோனவர்களுக்கு விருது! படித்ததும் மனசு என்னவோ போலாகிவிட்டது. உதவுங்கள்.

செ.இரா. எழுதியது:

'தீர்ப்பு' போதுமே அம்மா. 2007இல் காவிரி நடுவர் மன்றம் தந்ததும் அவார்டுதான். எல்லாத் தாள்களும் 'இறுதித் தீர்ப்பு' என்றே எழுதின, படித்தவர்களுக்கும் புரிந்தது.

கு.ப. எழுதியது:

ஐயா சொல்வது நடுவருக்குப் பொருந்தும், ஆட்சியருக்குப் பொருந்தாது. எஸ்ரா என்பவரின் நில எடுப்பு வழக்கில் 1905இல், அன்றைய உச்ச முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலே இதைத் தெளிவாக்கிவிட்டது. ஆட்சியர் சொல்வது அரசின் சார்பில் முன்வைக்கும் விலை. பிடிக்காதவர் அதே சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி அதை நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க முடிந்தது. வாங்குகிறவனின் ஆளே விலை சொல்கிறான். அதைத் தீர்ப்பு என்றால், நடுவில் யாரோ நியாயம் பேசியதாகப் படிக்கிறவர் நினைத்துக்கொள்வார். நான் முன்வைப்பது 'விலைத்துணிவு'. துணிதல் என்றால் முடிவுசெய்தல். இருட்டில் தெரிவது குற்றியோ (மரக்கட்டையோ) மகனோ (ஆளோ) என்பது ஐயம், மகனே என்பது துணிவு. "எண்ணித் துணிக கருமம்" என்று வள்ளுவரும் இந்தப் பொருளில்தான் சொல்கிறார்.

செ.இரா. எழுதியது:

குறள் சரி. இன்றைக்குத் துணிவு என்றால் தைரியம் மட்டும்தான். விலைத்துணிவு என்று எழுதினால், விவசாயி துணிந்து விலை கேட்டதாகப் படிப்பார்கள். நடந்ததற்கு நேர்மாறு.

த.மு. எழுதியது:

'விலைவரைவு' எப்படி? வரைதல் என்றால் எல்லை கட்டுதல். அகப்பொருளில் வரைவு திருமணம், அதுவும் இன்னார்க்கு இன்னார் என்று வரையறுப்பதுதான். வரைவின் மகளிர் (மணவரையறை இல்லாத பொதுமகளிர்), வரையாது கொடுத்தல் (அளவின்றித் தருதல்), வரம்பு, வரை என்னும் மலை, எல்லாம் ஒரே வேரில் வருவன என்பது என் எண்ணம். மலைதானே நாட்டுக்கு முதல் எல்லை? இதைப் பற்றித் தனியே விரிவாக எழுத ஆசை.

கு.ப. எழுதியது:

எழுதுங்கள் அண்ணா, காத்திருக்கிறேன். ஆனால் அலுவலகத்தில் வரைவு என்றால் திருத்தக்கூடிய முதல் படி. அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவோ, நீதிமன்றத்துக்குப் போனாலொழிய அவார்டு இறுதியானது என்றது.

ச.ந. எழுதியது:

பள்ளி ஆசிரியை நான். எங்கள் ஊரில் சாலைக்கு நிலம் போனபோது அப்பா கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். வீட்டில் அதற்குப் பேர் 'அவார்டு காப்பி'தான், இன்றும் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. கட்டாயமாக எடுப்பதற்கென்று அந்தச் சட்டம் சேர்த்துத் தந்த 'ஆறுதல் தொகை' 1894இல் 15 விழுக்காடு, 1984இல் 30 ஆனது. இதைப் பிள்ளைகளுக்கு எளிதாகச் சொல்லிவிட முடிகிறது. மூலச் சொல்லில்தான் திணறுகிறேன். 'இழப்பீட்டு நிர்ணயம்' என்றால் எட்டாம் வகுப்புக்கே புரியும். வடசொல் என்று தள்ளிவிடாதீர்கள்.

த.மு. எழுதியது:

தள்ளத்தான் வேண்டும் அம்மா. நிர்ணயத்தை உள்ளே விட்டால் பின்னாலேயே நியமனமும் நிவாரணமும் வரும்.

ச.ந. எழுதியது:

அவை எப்போதோ வந்துவிட்டன, ஐயா. ஹரியானாவின் சோனிபட் பக்கம் குடியேறிய மால்ச்சாக்காரர்களின் வழியில் வந்தவர்கள், முன்னோர் இழப்பீட்டுப் பணத்தை வாங்கவே இல்லை என்று நூறாண்டு கழித்தும் வழக்காடினார்கள். அவர்கள் கதையைப் பிள்ளைகள் ஒரே வாசிப்பில் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே எனக்குப் பெரிது.

ம.வே. எழுதியது:

அதே அத்தியாயத்தில் இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. 1911 டிசம்பர் 12 தில்லி தர்பாரில் (பேரரசரின் முடிசூட்டு விழா அவையில்) கல்கத்தாவிலிருந்து தில்லிக்குத் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. கட்டடச் செலவுக்கு முதலில் சொன்ன தோராயக் கணக்கு 4 மில்லியன் பவுண்டு, அன்றைய மதிப்பில் 6 கோடி ரூபாய். 1931இல் திறப்பு விழா நடந்தபோது செலவு அதைப்போல் இரு மடங்கைத் தாண்டிவிட்டது. அந்தப் பணத்துக்காக தில்லியும் லண்டனும் ஆண்டுக்கணக்கில் பேசின. அந்த இடத்தில் 'ஒப்பளிப்பு' என்று எழுதியிருக்கிறேன், ஒத்துக்கொண்டு அளிப்பது என்பதால் இரு தரப்பும் அதில் தெரிகின்றன. நிலத்துக்கு அப்படிப் பேச்சே கிடையாது. அதனால் கு.ப. சொன்ன வேறுபாடு எனக்கு முக்கியம். சொல் கிடைக்காததால் பெயர்ச்சொல்லையே விட்டுவிட்டு, "இழப்பீடு இவ்வளவு என்று ஆட்சியர் நிர்ணயித்தார்" என்று வினையாக எழுதிவிடட்டுமா? யார் செய்தது என்பதாவது தெரியும்.

செ.இரா. எழுதியது:

எனக்குச் சம்மதம். அருஞ்சொல் பட்டியலில் மட்டும் 'இழப்பீட்டு நிர்ணயம் (அவார்டு)' என்று போடுங்கள்.

ச.ந. எழுதியது:

சம்மதம்.

கு.ப. எழுதியது:

வெள்ளிக்கிழமைக்காகச் சம்மதம். அடுத்த பதிப்புக்கு 'விலைத்துணிவு' மறுபடியும் கொண்டுவருவேன்.

த.மு. எழுதியது:

எனக்குச் சம்மதமில்லை. நிர்ணயத்துக்குப் பதில் 'வரையறுத்தார்' என்று போட்டால் பொருளில் ஒரு மயிரிழையும் குறையாது. எட்டாம் வகுப்புக்கும் புரியும். ம.வே. அந்த ஒரு சொல்லையாவது மாற்றுங்கள்.