புதுப்பிப்பு: மயில்கழுத்து நிறச் சுவர் அடித்தாச்சு!

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் எங்கள் நான்கறை வீட்டு ஹாலுக்கு மயில்கழுத்து நிறம் அடித்தால் இருட்டிவிடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். டிவி பக்கச் சுவருக்கு மட்டும் அடித்தோம், மற்றவை வெள்ளைதான். இருட்டவே இல்லை! பகல் வெளிச்சத்தில் நீலம் தூக்கலாக இருக்கிறது. ராத்திரி 3000 கெல்வின் மஞ்சள் விளக்கைப் போட்டால் பச்சைக்குச் சாய்கிறது. அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கை அதன் முன்னால் வைத்தோம், அப்படி ஒரு எடுப்பு!

அடிக்கப்போகிறவர்கள் சாம்பல் நிறம் கலந்த பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) கேளுங்கள். வெள்ளைப் பிரைமர்மேல் அடர்நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும், கூடுதல் கோட் இழுக்கும். இங்குள்ள ஈரப்பதத்தில் முதல் கோட் நன்றாகக் காயாமல் அடுத்ததைத் தொடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பளபளப்பே இல்லாத மேட் பெயிண்ட் வேண்டாம், கைத்தடம் அப்படியே தெரியும். நாங்கள் லேசான பளபளப்புள்ள எக்‌ஷெல் எடுத்தோம், ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.