கழுத்துப் பிடிப்பு, தூக்கமில்லை: கைரோபிராக்டிக் போகலாமா?

மண்டிக்கணக்கு, பாலக்கோடு

எல்லோருக்கும் வணக்கங்க. தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன், வயது 41. விடியும் முன்பே லோடு இறங்கிவிடும். ஏலம் முடிந்ததும் விவசாயிக்குச் சீட்டுப் போட்டுக் கொடுப்பது என் வேலை. விலை கவிழ்ந்த நாளில் ஏலம் எடுத்த வியாபாரியை யாரும் திட்டுவதில்லை, சீட்டு எழுதிய என்னைத்தான் திட்டுகிறார்கள். பறிப்புக் கூலிக்கே காணாத விலை, அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. சரி, விலை ஏறினால் நிம்மதியா என்றால் அதுவும் கிடையாது. 2023இல் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, கல்லாவில் புழங்கிய பணத்துக்குக் கணக்கு இடிக்குமோ என்ற பயத்திலேயே தூக்கம் போனது.

இப்போது அது உடம்பில் இறங்கிவிட்டது. பின்கழுத்து முதல் வலது தோள்பட்டை வரை கல்லாக இறுகிக் கிடக்கிறது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பதாக வீட்டில் சொல்கிறார்கள், எழுந்தால் தாடை வலி. வயிறு எந்நேரமும் உப்புசம். எக்ஸ்ரேயில் எலும்பில் ஒன்றும் இல்லை. "டென்ஷனைக் குறைங்க" என்றார் டாக்டர். மண்டியில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிக் குறைப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மச்சான் போனில் ஒரு வீடியோ காட்டினான். கழுத்தைப் பிடித்து மடக்கென்று திருப்புகிறார்கள், படுத்திருந்தவர் சிரித்துக்கொண்டே எழுகிறார். இதற்குப் பெயர்தான் கைரோபிராக்டிக்காம், பெங்களூரில் இருக்கிறது, ஸ்ட்ரெஸ்ஸே போய்விடும் என்கிறான். நம்ம ஊர் சுளுக்கு எடுப்பவருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? போகலாமா?

லாரிக்காரன், தொப்பூர்

நான் போயிருக்கிறேன் அண்ணா, இடுப்பு வலிக்கு. அன்றைக்கு உடம்பு லேசாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. மறுபடி லோடு ஏற்றிக்கொண்டு நம்ம கணவாய் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடி வந்தேன், பழைய வலி திரும்பிவிட்டது. பல சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னார்கள். கட்டவில்லை.

மாரண்டஹள்ளியான்

அந்த மடக் சத்தம் எலும்பு சேருகிற சத்தம்தானே? எங்கள் ஊர்ப் பெரியவர் இதையே எண்ணெய் தடவி, வெற்றிலை பாக்குக்குச் செய்கிறார்.

பிசியோ அக்கா, ஓசூர்

எலும்பு சேருகிற சத்தம் இல்லைங்க தம்பி. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் சட்டென்று அழுத்தம் குறைந்து, வாயுக் குழி உண்டாகும்போது வரும் சத்தம். விரலில் சொடக்கு எடுப்பதும் அதேதான். சத்தம் வந்ததால் எதுவும் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

மண்டி அண்ணா, உங்களுக்கு நடப்பது கற்பனை இல்லை. ஒருவர் சண்டைக்கு வந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி அட்ரினலினை விடும், பின்னாலேயே கார்டிசோல் வரும். இதயம் வேகமாக அடிக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும், தோளும் தாடையும் இறுகும், செரிமானம் மந்தமாகும். ஓடவோ அடிக்கவோ உடம்பு செய்யும் ஏற்பாடு இது. நீங்கள் ஓடவும் இல்லை, அடிக்கவும் இல்லை. உட்கார்ந்து அடுத்த சீட்டை எழுதுகிறீர்கள். தினமும் இப்படியே போனால் தசை தளர நேரமே கிடைக்காது. கார்டிசோல் இயல்பாக விடியலில் ஏறி இரவில் இறங்க வேண்டியது. தூக்கம் கெட்டால் அந்த ஒழுங்கும் குலையும், தூங்காத உடம்புக்கு வலி இன்னும் கூடுதலாகத் தெரியும். அப்புறம் அந்த வலியே ஒரு டென்ஷன்.

கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டி.டி. பாமர் தொடங்கியது. முதுகெலும்பு பிசகி நரம்பு தடைபடுவதால்தான் பெரும்பாலான நோய் வருகிறது என்பது அவர் கொள்கை. இன்றைய மருத்துவம் அதை ஏற்கவில்லை. ஆனால் இடுப்பு வலிக்கு ஓரளவு பலன் உண்டு. அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்றின் 2017 வழிகாட்டுதலே உடற்பயிற்சி, யோகா ஆகியவற்றோடு முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் முறையையும் சேர்த்திருக்கிறது. லாரித் தம்பிக்குக் கிடைத்த லேசு உண்மைதான். வலி குறைந்தால் தூக்கம் வரும், மனசும் கொஞ்சம் ஆறும். அதற்கு மேல் ஸ்ட்ரெஸ்ஸையே எடுத்துவிடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

கழுத்தை வெடுக்கென்று திருப்புவது மட்டும் வேண்டாம் அண்ணா. அபூர்வமாகத்தான் நடக்கும், ஆனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. பெங்களூர்க்காரர் செய்தாலும் வெற்றிலை பாக்குக்குச் செய்தாலும் கழுத்து ஒன்றுதான். கை மரத்துப் போகிறது, பிடி தளர்கிறது என்றால் யாரிடமும் கழுத்தைக் கொடுக்காமல் நேராக டாக்டரிடம் போங்கள். நெஞ்சும் சேர்ந்து வலித்தால் 108.

முதலில் பி.பி., சர்க்கரை பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான், அதில் பி.பி., சர்க்கரை மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பிசியோதெரபி உண்டு. தோளுக்குச் சூடு ஒத்தடம் கொடுங்கள். சீட்டு எழுதும் மேசையை உயர்த்துங்கள், குனிந்தே எழுதினால் என்ன செய்தும் பயனில்லை. ஏலம் முடிந்ததும் வெளியே போய் வேகமாக நடந்துவிட்டு வாருங்கள். பல் கடிப்பதற்குப் பல் டாக்டர் இரவில் போட ஒரு கவசம் செய்து தருவார். உப்புசத்தை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் டென்ஷன் தலையில் கட்ட வேண்டாம்.

மண்டிக்கணக்கு, பாலக்கோடு

ரொம்ப நன்றிங்க அக்கா. மேசைக்கு அடியில் இரண்டு தக்காளி கிரேட் வைத்து உயர்த்திவிட்டேன், முதலாளி ஒரு மாதிரி பார்த்தார். மண்டி முடிந்த கையோடு பி.பி. பார்த்தேன், 152க்கு 96 காட்டுகிறது. பயப்படணுமா?

பிசியோ அக்கா, ஓசூர்

140க்கு 90ஐத் தாண்டியிருப்பதால் விட்டுவிடாதீர்கள், ஒரே தடவை பார்த்து முடிவு கட்டவும் வேண்டாம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்து, வேறு வேறு நாளில் பார்த்து, எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் டீ, பீடி, சிகரெட் கூடாது.

மண்டிக்கணக்கு, பாலக்கோடு

டீ குடித்துவிட்டுத்தான் போனேன். நாளைக்கு மறுபடி பார்க்கிறேன்.